ருவன்வெல்லை இடாப்பில் ஏறாத பெயர்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வரலாறு படிப்பிக்கிற ஆள் என்பதால் ஆண்டுகளும் இலக்கங்களும் கூடத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாகாண சபைத் தேர்தல் எப்போது, எந்த முறையில் என்ற பேச்சு வரும்போதெல்லாம் ஊரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "தேர்தல் சட்டம் எல்லாம் கொழும்பில் இருக்கிற பெரிய ஆக்கள் பார்க்கிற வேலை. நமக்கென்ன?" கடையிலும் கேட்கிறோம், பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கிறோம். நமது சப்ரகமுவ மண்ணிலேயே நடந்த ஒரு கதை இந்தப் பதிலுக்கு நல்ல மறுமொழி. அதைத்தான் எழுதுகிறேன்.

1950ஆம் ஆண்டு. கேகாலை மாவட்டம், ருவன்வெல்லைத் தேர்தல் தொகுதி. கோடாக்கன் பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி கேட்டார். பதிவு அதிகாரி மறுத்துவிட்டார். காரணம், அவர் இலங்கைப் பிரஜை அல்ல என்பது. அவர் விடவில்லை, மேன்முறையீடு செய்தார். அதை விசாரித்த மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம், இந்த மறுப்புக்கு ஆதாரமான சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே பெயரைச் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அரசாங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போய், கடைசியில் லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போனது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். அது நம் பக்கத்து ருவன்வெல்லையில் தொடங்கியது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு மனிதரின் பெயர் இடாப்பில் ஏறாமல் போனது எப்படி என்று விளங்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1931க்கு முன்பு இந்த நாட்டில் வாக்குரிமை இருந்தது நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இல்லை. படிப்பும் சொத்தும் உள்ள ஆண்களுக்கு மட்டும்தான். டொனமூர் ஆணைக்குழு வந்து, 21 வயது நிரம்பிய ஆண்களுக்கும் 30 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குக் கொடுங்கள் என்றது. அந்தத் திட்டத்தைச் சட்டவாக்க சபை 1929 டிசெம்பரில் ஏற்றுக்கொண்டபோது ஆதரவாக 19 வாக்கு, எதிராக 17 வாக்கு. இரண்டே இரண்டு வாக்கு வித்தியாசம்! எல்லோருக்கும் வாக்கு என்றவுடன் அங்கே எழுந்த பெரிய கேள்விகளில் ஒன்று, தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கும் வாக்கா என்பதுதான். அதனால் இந்திய வம்சாவளியினருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பு, அதற்கான அத்தாட்சிப் பத்திரம் என்று நிபந்தனைகளைப் போட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

திறந்த கதவு என்ன செய்யும் என்பதற்கு முதல் சாட்சி நமது மாகாணம். 1931இல் ருவன்வெல்லைத் தொகுதியின் உறுப்பினர் மீதெனிய அதிகாரம் காலமானார். அந்த வருட நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய மகள் எடலின் மொலமூரே வென்று, அரசாங்க சபையில் அமர்ந்த முதல் பெண்ணானார். 1936இல் அதே ருவன்வெல்லை, சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேராவைச் சபைக்கு அனுப்பியது. றப்பர் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தொகுதி அது. கிராமத்து ஏழையும் லயத்து ஏழையும் ஒரே பெட்டியில் வாக்குப் போட்டால் என்ன நடக்கும் என்று மேலே இருந்தவர்கள் அப்போதே கணக்குப் போட்டிருப்பார்கள்.

1939இல் தோட்டப்பகுதி இந்திய வாக்காளர் தொகை சுமார் 225,000 வரை வந்தது. பிறகு பதிவு விதிகளை இறுக்கிப் பிடித்தார்கள். 1943இல் அது சுமார் 168,000 ஆகக் குறைந்தது. சட்டத்தை மாற்றாமலேயே, இருக்கிற விதியை அமுல்படுத்துகிற விதத்தை மட்டும் மாற்றி, நாலு வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்கு காணாமல் போனது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி இருந்தும் 1947 பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து 7 இந்திய வம்சாவளி உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். எஸ். தொண்டமான், கே. இராஜலிங்கம், சி.வி. வேலுப்பிள்ளை எல்லோரும் அதில் அடக்கம். அந்த 7 பேரில் ஒருவரும் சப்ரகமுவவிலிருந்து போகவில்லை. இங்கே தோட்ட மக்கள் எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை இல்லை. ஆனால் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்குப் பலமாக இருந்தது. ருவன்வெல்லையில் என்.எம். பெரேரா மீண்டும் வென்றார். இரத்தினபுரி மாவட்டத்தில் கிரியெல்லத் தொகுதியில் சமசமாஜக் கட்சியின் புளோரன்ஸ் சேனாநாயக்க வென்று, புதிய பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் பெண்மணி ஆனார்.

சுதந்திரம் கிடைத்தது 1948 பெப்ரவரி 4. அதே வருடம் ஓகஸ்ட் மாதத்தில் பிரஜாவுரிமைச் சட்டமூலம் வந்தது. 53 பேர் ஆதரவு, 35 பேர் எதிர்ப்பு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் என்று நாம் படிப்பது இதைத்தான். இந்த நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயத்துக் காம்பிராவில் மருத்துவச்சி கையில் பிறந்த ஒருவர், தன் பாட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே தேடுவார்? உண்மையைச் சொன்னால், அன்று நமது பெரிய குடும்பங்கள் பலவற்றிலும் பாட்டனாரின் பத்திரம் இருந்திருக்காது. ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். இந்தியர், பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். வேண்டுமானால் விண்ணப்பம் போடுங்கள் என்றது. 1946 ஜனவரி 1க்கு முன்பு, திருமணம் முடித்தவர் 7 வருடமும் முடிக்காதவர் 10 வருடமும் தொடர்ச்சியாக இங்கே இருந்திருக்க வேண்டும். இடையில் ஒரு வருடத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். விண்ணப்பிக்க இரண்டு வருடம்தான் தவணை. வந்த விண்ணப்பங்கள் சுமார் 237,000. அவற்றில் அடங்கியவர்கள் 8 இலட்சத்துக்கும் அதிகம். பல வருட விசாரணைக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

இந்த இரண்டு சட்டத்தையும் எல்லோரும் பேசுகிறோம். மூன்றாவதை மறந்துவிடுகிறோம். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அது பாராளுமன்றத் தேர்தல் சட்டத்துக்கான ஒரு திருத்தம். அது செய்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், இலங்கைப் பிரஜையாக இல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க முடியாது என்பதுதான். அதுவரை பிரித்தானியப் பிரஜை என்ற அந்தஸ்தும் வதிவிடமும் இருந்தால் வாக்குப் போடலாம். 1947இல் வாக்குப் போட்ட அதே ஆட்கள், அதே லயம், அதே செக்ரோல் இலக்கம். அடுத்த இடாப்பில் அவர்கள் இல்லை. 1948 சட்டம் மரத்தில் கோடு போட்டது என்றால், கோடரியை இறக்கியது இந்தத் தேர்தல் திருத்தம்தான்.

அந்த நாட்களில் நமது மாகாணத்துப் பிரதிநிதிகள் எங்கே இருந்தார்கள்? ருவன்வெல்லை என்.எம். பெரேராவும் இடதுசாரிகளும் எதிர்த்தார்கள். தெதிகமத் தொகுதியின் டட்லி சேனாநாயக்க சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் இருந்தார். சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் பலாங்கொடை உறுப்பினர் பிரான்சிஸ் மொலமூரே.

நம்மவர்கள்? இதை மறைத்துவிட்டு வரலாறு படிப்பிக்க முடியாது. அந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர் டி.பி. ஜாயா. முஸ்லிம் கல்விக்கு அவர் செய்த சேவையை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் தோட்டத் தொழிலாளியின் வாக்கு போன நேரத்தில் தொழிலுக்குப் பொறுப்பான அமைச்சர் நமது சமூகத்தவர் என்பதும் வரலாறுதான். வடக்கின் ஜி.ஜி. பொன்னம்பலமும் 1948 செப்டெம்பரில் அதே அமைச்சரவையில் சேர்ந்தார். அந்த வழியில் போக மறுத்த செல்வநாயகம் பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அன்று பலர் நினைத்தது ஒன்றுதான். இது தோட்டத்து ஆக்களின் பிரச்சினை, நமக்கு வராது. ஆனால் நமது பட்டினங்களில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதே விண்ணப்பப் படிவத்தோடுதான் வரிசையில் நிற்க வேண்டி வந்தது. சட்டத்தின் பெயரிலேயே பாகிஸ்தானியரும் இருந்தார்கள் அல்லவா.

இனி வழக்குக்கு வருவோம். சோல்பரி அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்றச் சமூகங்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் போடும் சட்டம் செல்லாது என்பது அதன் கருத்து. சிறுபான்மையினருக்கு இருந்த பெரிய வேலி அதுதான். சிவஞானசுந்தரம் அந்த வேலியை நம்பித்தான் தீர்ப்புச் சொன்னார். ஆனால் உயர் நீதிமன்றம் 1951இல் அதை இரத்துச் செய்தது. சட்டத்தை அதன் வாசகத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, எல்லோருக்கும் ஒரே விதிதான் என்றது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான அதிகாரம், தவிரவும் விண்ணப்பிப்பதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்திருக்கிறதே என்றது.

பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த இடத்தைத்தான். ஒரு சமூகத்தின் வாக்கை எடுப்பதற்கு, சட்டத்தில் அந்தச் சமூகத்தின் பெயரை எழுதவே தேவையில்லை. யாரிடம் எந்தப் பத்திரம் இருக்காது என்று தெரிந்தால் போதும்.

1952 தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதி ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. பிரதமர் காரியாலயத்தின் முன்னால் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். பலன் இல்லை. தொண்டமான் வாக்கில் வென்று மறுபடி பாராளுமன்றம் போனது 1977இல். 25 வருட இடைவெளி.

இதற்குள் இன்னொரு கணக்கும் உண்டு. 1946 தொகுதிப் பிரிப்பில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்று மக்கள்தொகையை வைத்துப் பிரித்தார்கள். 1959 பிரிப்பிலும் மக்கள்தொகைதான் அடிப்படை. அதாவது வாக்கில்லாத தோட்ட மக்களின் தலைகளையும் எண்ணி, அவர்கள் வாழ்ந்த மாவட்டங்களுக்கு ஆசனம் கொடுத்தார்கள். அந்த ஆசனத்துக்கு யார் போவது என்று கேட்கும்போது மட்டும் அவர்களைக் கேட்கவில்லை. தலை கணக்கில் இருந்தது, விரல் கணக்கில் இல்லை.

வாக்கு இல்லாவிட்டால் என்ன, சோறு தண்ணி இல்லாமலா போகும் என்று சிலர் கேட்பார்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. காவத்தை, இறக்குவானைப் பக்கத்து மூத்தவர்களுக்கு அது இன்னும் கண்ணில் நிற்கும். உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் போனவர்கள் எத்தனை குடும்பம்! அந்த மக்களிடம் வாக்குக் கேட்டு வர வேண்டிய நிலையில் இருந்த அரசியல்வாதி இங்கே குறைவு. ஆகவே அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையிலும் ஆள் குறைவு. வாக்கு சோறு போடாது, உண்மைதான். கூரைக்குத் தீ வைக்க வருகிறவனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

போன உரிமை திரும்பி வந்ததும் பாராளுமன்ற வாக்கெடுப்பால்தான். 1964 ஒக்டோபர் 30 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக நின்ற 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்தப் பங்குப் பிரிப்பில் உடைந்த குடும்பங்களைப் பற்றித் தனிப் பதிவு எழுத வேண்டும். பிறகு 1986, 1988 சட்டங்கள். கடைசியாக 2003 ஒக்டோபரில், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்கிறவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை என்ற சட்டம் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. அந்த வருட இறுதியில் சுமார் பத்தே நாளில் 190,000 பேர் வரைக்கும் பதிவுசெய்து பத்திரம் பெற்றார்கள். 1948இல் எடுத்ததைக் கொடுத்து முடிக்க 55 வருடம்.

1988இல் இன்னொன்றும் நடந்தது. அரசியலமைப்புக்கான 15ஆவது திருத்தம். விகிதாசாரத் தேர்தலில் ஒரு கட்சி ஆசனம் பெற மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வாக்கு, அதாவது 12.5 வீதம் எடுக்க வேண்டும் என்றிருந்ததை 5 வீதமாகக் குறைத்தார்கள். மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் கேட்டு வாங்கிய மாற்றம் அது. ஓர் எண்தான் மாறியது. நாடு முழுக்கச் சிதறி வாழும் முஸ்லிம்களுக்கும் மலையகத் தமிழருக்கும் அந்த ஓர் எண்ணால் கதவு திறந்தது. தேர்தல் சட்டத் திருத்தம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

இனி நமது காலம். சப்ரகமுவ மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. மொத்தம் 44 ஆசனம். விகிதாசார முறை இருந்தபடியால் சிதறிக்கிடந்த தோட்ட வாக்குகள் மாவட்ட மட்டத்தில் ஒன்றுசேர்ந்து, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் 2 ஆசனம் பெற்றது. சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தது. அது முதலில் பெண்களுக்கு வேட்புமனுவில் இடம் ஒதுக்குவதற்காக வந்த சட்டமூலம். குழுநிலையில் பக்கம் பக்கமாகத் திருத்தம் சேர்த்து, தேர்தல் முறையையே தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறையாக மாற்றிவிட்டார்கள். ஆதரவு 159, எதிர்ப்பு 37. முதலில் தயங்கிய சிறுபான்மைக் கட்சிகள் பலவும், தொகுதிக்கும் விகிதாசாரத்துக்கும் 50க்கு 50 என்று பேசி ஒத்துக்கொண்ட பிறகு கை உயர்த்தின.

கலப்பு முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24 பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக ஒரு வாக்கும் இல்லை, எதிராக 139. அதைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார். பிறகு அமைத்த மீளாய்வுக் குழுவிடமிருந்து அறிக்கை வரவே இல்லை. பழைய முறையைச் சட்டத்திலிருந்து எடுத்தாயிற்று. புதிய முறைக்கு எல்லை இல்லை. முடிவு, தேர்தலே இல்லை. இதை எழுதும் இன்றுவரை நமது மாகாணத்துக்கு நாம் தெரிவுசெய்த சபை கிடையாது. பாடசாலைக் கட்டடம், கிராமிய வைத்தியசாலை, மாகாண வீதி என்று எதற்கும் போய்க் கேட்க ஒரு மாகாண சபை உறுப்பினர் இல்லை.

1949இல் ஒரு சமூகத்தின் வாக்கை எடுத்தார்கள். 2017இல் எல்லோருடைய வாக்குக்கும் வேலை இல்லாமல் செய்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. முதலாவதன் வலி வேறு. ஆனால் இரண்டும் நடந்த விதத்தில் ஓர் ஒற்றுமை உண்டு. வாசித்துப் பார்த்தால் விளங்காத ஒரு திருத்தம், கொழும்பில் ஒரு பின்னேர வாக்கெடுப்பு, நமக்கென்ன என்று இருந்த ஊர்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனார். எந்தக் கட்சி என்பதை விடுங்கள். 1947இல் மலையகம் 7 பேரை அனுப்பியபோது சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒருவர் போக முடியவில்லை. 77 வருடத்துக்குப் பிறகு ஒருவர் போயிருக்கிறார். மாவட்டம் முழுக்க வாக்குகளைக் கூட்டி எண்ணும் முறையில்தான் அது நடந்தது. அந்த முறையை மாற்றும் பேச்சு வரும்போது, தோட்ட மக்களும் நாமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதை வாசிக்க வேண்டும். நம் இரு சமூகத்துக்கும் இங்கே ஒரே நிலைதான். எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை.

ஒரு தேர்தல் திருத்தம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இடாப்பில் யார் இருப்பார், யார் விடுபடுவார்? ஆசனம் எப்படிப் பிரியும்? இந்தச் சட்டத்தின்படி தேர்தல் நடத்த இன்னும் என்ன வேலை முடிய வேண்டும், அதற்குத் திகதி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத எவருக்கும், அவர் நம்மவராக இருந்தாலும், தலையாட்டாதீர்கள்.

இன்னும் இரண்டு வேண்டுகோள். வாக்காளர் இடாப்பு மீளாய்வுக்குக் கிராம உத்தியோகத்தர் வரும்போது வீட்டில் 18 வயது நிரம்பிய பிள்ளைகளின் பெயரைச் சேருங்கள். பக்கத்து லயத்தில் படிவம் நிரப்பத் தெரியாத அக்காமார், அண்ணன்மார் இருந்தால் நமது பிள்ளைகளை அனுப்பி உதவி செய்யுங்கள். மற்றது, பழைய பெட்டிகளில் 1949 – 51 காலத்து விண்ணப்பத் துண்டு, பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய பாஸ்போட் என்று ஏதாவது இருந்தால் கறையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரை வெளியே சொல்ல மாட்டேன். நமது பிள்ளைகளுக்கு வகுப்பில் காட்ட வேண்டும்.

பிழை இருந்தால் கருத்தில் எழுதுங்கள், பேசுவோம். வஸ்ஸலாம்.